பூச்சியம் நல்ல எண் இல்லை



இந்தக் கிழமை எபிசோடில் வீட்டு சென்சார்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு கதையை இங்கே எழுதுகிறேன். என்ட பவளத் தொட்டியின் கதை.

போன குளிர்காலம் தொட்டிப் பாறைகளில் பச்சை மயிர்ப்பாசி ஏறிவிட்டது. நைட்ரேட் 20 பிபிஎம், பொஸ்பேட் 0.2. நான் புரோகிராமர். எண் கூடினால் குறைக்க வேணும், அவ்வளவுதான். பொஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஒக்சைட் துகள்களைப் போட்டேன். பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைச் சாப்பிடட்டும் என்று டோசிங் பம்பில் வொட்கா விட்டேன். மூன்று கிழமையில் இரண்டும் பூச்சியம். டாஷ்போர்ட் முழுக்கப் பச்சை விளக்கு.

அடுத்த கிழமை மனைவி கூப்பிட்டா. "இஞ்ச வந்து பாருங்கோ, மணல் எல்லாம் மண்ணிறமாக் கிடக்கு." சளி மாதிரி நூல் நூலாக, நடுவில் காற்றுக் குமிழ்கள். டைனோஃபிளாஜலேட். மயிர்ப்பாசி விட்டுப்போன இடத்தை அது பிடித்துக்கொண்டது. நாலு வருசம் வளர்த்த அக்ரோபோரா வெளுத்துச் செத்தது.

பிழை என்னுடையதுதான். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் நைட்ரஜனும் பொஸ்பரசும் வேணும். பூச்சியம் என்றால் பட்டினி. அதைவிட, டெஸ்ட் கிட் காட்டுவது தண்ணீரில் மிஞ்சிக் கிடப்பதை மட்டும். பாசி ஏற்கெனவே சாப்பிட்டது அதில் வராது. மாசக் கடைசியில் வங்கிக் கணக்கு காலி என்றால் சம்பளமே வரேல்லை என்று அர்த்தமா? தொட்டி நிறையப் பாசி, கிட்டில் பூச்சியம்: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பார்க்க வேண்டியது உள்ளே போவதை, அதாவது நான் போடும் மீன் சாப்பாட்டை.

இதையே பெரிசாகப் பார்க்க ஒஸ்லோ ஃபியோர்டுக்குப் போங்கோ. கோடையில் குளிக்கப் போகும் இடங்களில் கடற்புல்லை மூடிக் கிடக்கிற நூல்பாசியைக் கண்டிருப்பீர்கள். நோர்வேக்காரர் 'லூர்வ்' என்பார்கள். அதற்கும் சாப்பாடு நைட்ரஜன்தான். எங்கட கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஸ்லெம்மெஸ்டாட் வேயாஸ் நிலையம் 1990களிலிருந்து நைட்ரஜனை எடுக்கிறது. அங்கேயும் பாக்டீரியாதான் வேலை செய்கிறது, அதற்கு மெதனோல் கொடுக்கிறார்கள். என்ட வொட்காவின் பெரியண்ணன்! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: அவர்கள் ஃபியோர்டுக்குள் எதையும் ஊற்றுவதில்லை. கழிவுநீர் கடலில் சேர முதல், குழாயிலேயே பிடிக்கிறார்கள்.

ஃபியோர்டைச் சுற்றி எல்லா நிலையத்திலும் இந்த வசதி இல்லை. வயல்களிலிருந்து உரமும் ஆறுகள் வழியாக வருகிறது. 2019இல் இங்கே காட் மீன் பிடிக்கத் தடை போட்டார்கள், காட் இன்னும் மீளவில்லை. 2021இல் அரசு ஃபியோர்டுக்கென்று முழுத் திட்டம் ஒன்று வெளியிட்டது. இப்போது சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்த வேணும், அதற்காகக் கழிவுநீர்க் கட்டணம் கூடும் என்று எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். என்ட கருத்து: கட்டுவம். ஃபியோர்டில் சென்சாருக்குப் பஞ்சம் இல்லை. உள்ளே போவதைக் குறைக்கிற செலவுக்குத்தான் ஆள் இல்லை.

தொட்டியில் நான் வொட்காவையும் துகள்களையும் நிறுத்தினேன். நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டு மாசத்தில் டைனோ அடங்கியது. இப்போது நைட்ரேட் 5 முதல் 10, பொஸ்பேட் 0.05 முதல் 0.1. மீன் சாப்பாட்டை கிராம் கணக்கில் எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு இரண்டு கிழமை பொறுமை. அலர்ட்டையும் மாற்றிவிட்டேன்: எண் கூடினால் அடிக்காது, ஒரு கிழமைக்குள் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறினால்தான் அடிக்கும்.

அதோடு ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் கதிரையைப் போட்டு இருந்து தொட்டியைப் பார்க்கிறேன். மண்ணிறத்தை முதலில் கண்டது மனைவியின் கண்தான், என்ட டாஷ்போர்ட் இல்லை.

உங்கட வீட்டில் பச்சை விளக்கை நம்பி ஏமாந்த கதை இருந்தால் எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் வாசிக்கிறம்.