கேடயமே வாசலாகும் விந்தை

தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தின் பெயர் மேடவாக்கம் வட்டாரத்தில் சிறுவர்க்கும் தெரியும். சானடோரியம் என்பது ஊர்ப்பெயரன்று. காசநோயாளிகள் தங்கிக் குணம் பெறும் இல்லத்தைக் குறிக்கும் சொல். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து அத்தகைய இல்லமொன்றை இங்கு நிறுவினார். பின்னர் அது அரசின் கைக்கு வந்து, இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. தூய காற்றும் ஓய்வும் சத்துணவுமே அந்நாளில் சிகிச்சையாக இருந்தன.

1952ல் ஐசோனியசிட் என்னும் மாத்திரை வந்ததும் நிலைமை மாறியது. 1956ல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் அதே மருந்துகளை ஓராண்டு வழங்கியது. பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தே காசநோயைத் தீர்க்கலாம் என்பதை உலகிற்கு எடுத்துக் காட்டியது நம் சென்னை.

அவ்வாறாயின், சிலரிடம் மட்டும் அம்மருந்து பலிக்காமற் போவது ஏன்?

காசநோய்க் கிருமி நம் உடலினுள் நுழைந்ததும் வெள்ளணுக்கள் அதனை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய நஞ்சுகளைப் பொழிகின்றன. புண்ணைக் கழுவும்போது நுரைக்கும் அதே பெராக்சைடுதான். இத்தாக்குதலைச் சமாளிக்கக் கிருமி கேட்டலேஸ் என்னும் நொதியைக் கேடயமாக வைத்துள்ளது. அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைத்துவிடும்.

ஐசோனியசிட்டோ, விழுங்கும்போது வீரியமற்ற பொருள். கிருமிக்குள் சென்றதும் இதே கேட்டலேஸ் நொதிதான் அதனைத் தூண்டி நஞ்சாக மாற்றுகின்றது. அந்நஞ்சு கிருமியின் மெழுகுச் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கக் கிருமி மடிகின்றது. பகைவனின் கேடயமே நம் மருந்து நுழையும் வாசலாக அமைந்த விந்தை இது!

கேடயத்தை எறிந்துவிட்டால் மருந்திலிருந்து தப்பலாம். ஆயின் வெள்ளணுவின் நஞ்சுக்குப் பலியாக நேரும். மருந்தை எதிர்க்கும் கிருமிகள் பல கேட்டலேஸை இழந்திருப்பதை 1954லேயே மிடில்புரூக் கண்டறிந்தார். அவை கினிப்பன்றிகளிடத்தில் வலுவிழந்தும் காணப்பட்டன. 1960ல் வெளியான சென்னை ஆய்வொன்று, தென்னிந்தியக் கிருமிகள் பிரிட்டன் கிருமிகளைவிடப் பெராக்சைடுக்கு எளிதில் மடிவதைக் காட்டியது. இந்நொதியின் மரபணுவுக்கும் ஐசோனியசிட் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு 1992ல் உறுதியாயிற்று.

கிருமி அத்துடன் ஓயவில்லை. அந்நொதியின் 315ஆம் இடத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினால் போதும்; மருந்தைத் தூண்டும் ஆற்றல் பெரிதும் குன்றும், பெராக்சைடைச் சிதைக்கும் ஆற்றலோ பெரும்பாலும் எஞ்சி நிற்கும். வாசல் அடைபடுகிறது, கேடயம் கையிலேயே இருக்கிறது. நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகைக் கிருமியே.

இம்மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் கிருமிகளுள் ஒன்று தானாகவே ஐசோனியசிட்டை எதிர்க்கும் தன்மையுடன் பிறக்கின்றது. நுரையீரலில் குழி விழுந்தவரிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, அந்தச் சில மட்டும் பிழைத்துப் பெருகும். ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று வீழ்த்தும் என்பதனாலேயே பல மருந்துகளைச் சேர்த்து, ஆறு மாதமேனும் தருகின்றனர்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடல் தேறும். அப்போது மாத்திரையை நிறுத்துவோர் பலர். மகளின் திருமணப் பேச்சுக்குத் தடையாகுமென நோயை மறைத்து, மருந்தை ஒளித்து உண்டு, இடையில் விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கும்போது, எதிர்ப்பாற்றல் பெற்றதாயின், அதே வீட்டுக் குழந்தைக்கும் அதுவே தொற்றும். எளிய மாத்திரை அங்குப் பயன்படாது.

ரமலான் மாதத்தில் மாத்திரை வேளையைத் தாமே மாற்றுவதும் விடுவதும் கூடாது. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை நாம் அறிவோம். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பதும், மருத்துவர் போதுமென்று சொல்லும் நாள்வரை மருந்தைத் தொடர்வதும் நோயாளியின் கடமை. அதற்குத் துணை நிற்பது குடும்பத்தாரின் கடமை.