வண்டூரில் ஒரு நாள்: சிறு பிள்ளைகளோடு புறப்படுகிறவர்களுக்கு



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரே விதமான கடிதங்கள் இந்தப் பக்கத்துக்கு வருகின்றன. சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதியிருந்தார்கள். கணவருக்கு அந்தமானுக்கு வேலை மாற்றல் ஆகியிருக்கிறது. நகரத்தில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு வயது. "அக்கா, நாங்கள் வந்து ஏழு மாதமாகிறது. ஒரே ஒரு முறை பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றோம். சந்தோஷமாய்ப் போனோம், சண்டையோடு திரும்பினோம். இப்பொழுது வண்டூருக்குப் போகலாம் என்று அவர் சொல்லுகிறார். எனக்கோ பயமாயிருக்கிறது" என்று முடித்திருந்தார்கள்.

அந்தச் சகோதரியின் பயம் எனக்கு நன்றாய்ப் புரிகிறது. ஏனெனில் நாங்களும் அதே வண்டூரிலிருந்து ஒரு நாள் மனம் கலங்கித் திரும்பினவர்களே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கணவருக்கு ஒரு திங்கட்கிழமை விடுப்புக் கிடைத்தது. கடல் பூங்காவுக்குப் படகில் போகலாம் என்று பிள்ளைகளிடம் ஒரு வாரமாய்ச் சொல்லி வைத்திருந்தோம். காலையில் நிதானமாய்ச் சமைத்து, நிதானமாய்ப் புறப்பட்டு, பத்தரை மணிக்குப் படகுத்துறையை அடைந்தோம். அங்கே படகும் இல்லை, ஜனமும் இல்லை. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை நாங்கள் விசாரித்திருக்கவில்லை. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். சரி, கடற்கரையிலாவது விளையாடட்டும் என்று போனோம். அங்கே ஒரு மரத்தடியில் நின்று, விசாரிக்காதது யாருடைய தவறு என்று நானும் அவரும் பேச ஆரம்பித்தோம். பேச்சு நீண்டது. எங்கள் சின்னவனுக்கு அப்பொழுது நான்கு வயது. அவன் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

முதியவர் ஒருவர் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓடை வாயிலே நின்றான். அங்கே முதலை வரும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அன்று நாங்கள் முதலையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் வீடு சேரும் வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிரவு ஜெபிக்கும்போது என் கணவர் அழுதார்.

அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது அதிகப் பணமோ அதிக விடுமுறையோ அல்ல. முந்தின நாள் மாலையில் ஒரு அரைமணி நேர யோசனையே. அந்த அரைமணி நேரத்தில் எவைகளைச் சிந்திக்கவேண்டும் என்பதையே இந்த மாதம் எழுதுகிறேன்.

முதலாவது, போகும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள். வண்டூர் தென் அந்தமானின் மேற்குக் கரையில், தலைநகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். (போர்ட் பிளேயர் என்றிருந்த தலைநகரின் பெயர் 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது.) பெயரைக் கேட்டவுடன் நம் பக்கத்து ஊர்போலத் தோன்றும். அது மலபாரிலிருந்து வந்த பெயர். 1921-ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் கைதிகளாய்க் கொண்டுவரப்பட்ட மாப்பிளைமார் இங்கே குடியேறியபோது மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று தங்கள் சொந்த ஊர்களின் பெயர்களையே புதிய ஊர்களுக்கு இட்டார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த ஏக்கம் புரியும். இதைப் பேருந்தில் போகும்போது பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, ஒரு நாளுக்கு ஒரே காரியம். வண்டூரில் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று கடற்கரை. மற்றொன்று 1983-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. பதினைந்து தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து ஏறக்குறைய 281 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது அது. வண்டூர் படகுத்துறையிலிருந்து ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரண்டு தீவுகளில் ஒன்றுக்கு மாத்திரமே படகு செல்லும். பவளப்பாறைகளுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்படி, பொதுவாக மழையற்ற மாதங்களில் ஜாலி பாயும் மழை மாதங்களில் ரெட் ஸ்கின்னும் திறக்கப்படுகின்றன. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் முதல் முறை கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளுவது நலம். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்காரவேண்டும். தீவை நெருங்கும்போது வேறு சிறு படகுக்கு மாறி இறங்கவேண்டியும் இருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இதைச் செய்வது எளிதல்ல. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ, கண்ணாடி அடித்தளப் படகின் வழியாய்ப் பவளங்களையும் மீன்களையும் பார்ப்பது வாழ்நாளெல்லாம் மறவாத காட்சி.

மூன்றாவது, கிழமையைப் பாருங்கள். பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் திங்கட்கிழமையையே ஓய்வாய் வைத்துக்கொள்ளும் ஊழியர் குடும்பங்கள் இதை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். நம்மில் பலருக்குச் சனிக்கிழமையே ஏற்றது. பூங்காவுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு அவசியம். படகு காலையிலேயே புறப்பட்டுவிடும். ஆகையால் அனுமதியையும் படகு இருக்கைகளையும் முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களே சிறு பிள்ளைகளுக்கு உகந்தவை. மழை பிடித்துக்கொண்டால் பயணத்தைத் தள்ளிவைத்து, நகரத்திலுள்ள சமுத்ரிகா கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அதுவும் நல்ல நாளே.

நான்காவது, கடிகாரத்தை நம் ஊர்க் கணக்கில் பார்க்காதிருங்கள். அந்தமான் சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தாலும் இரண்டு இடங்களிலும் கடிகாரம் ஒன்றே. ஆகையால் இங்கே சூரியன் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாகவே உதித்து, முன்னதாகவே மறைந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் அஸ்தமித்துவிடும். தமிழ்நாட்டில் நாலரை மணிக்குக் கடற்கரைக்குப் போய்ப் பழகினவர்கள் இங்கே இருட்டில் அகப்பட்டுக்கொள்ளுவார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மதிய உணவை முடித்து, மூன்று மணிக்குள் திரும்பும் பயணத்தில் ஏறிவிடுவது என்று தீர்மானியுங்கள். பேருந்தில் போகிறவர்கள் திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பை. ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் பொருட்கள் அனுமதிக்கப்படுவதில்லை. பிஸ்கட் உறை, தண்ணீர்ப் புட்டி யாவும் சோதிக்கப்படும். எவர்சில்வர் டிபன் கேரியரும் எவர்சில்வர் தண்ணீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி, எலுமிச்சைச் சாதம், வாழைப்பழம் போதும். படகுப் பயணத்துக்கு முன் பூரியும் வடையும் கொடுத்தால் பிள்ளை வாந்தி எடுக்கும். இரண்டு மாற்று உடை, ஒரு பருத்தித் துண்டு, தொப்பி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமான காய்ச்சல் மருந்து இவைகளை மறக்கவேண்டாம். மணல் ஈக்கள் கடிப்பதைத் தடுக்கக் கைகால்களில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவது இத்தீவுகளில் வழக்கம். பெரிய அரசு மருத்துவமனை நகரத்திலேதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண் 112.

ஆறாவது, இதுவே முக்கியம்: தண்ணீர். வண்டூருக்கு அருகே லோஹாபேரக் என்னுமிடத்தில் உவர்நீர் முதலைகளுக்கென்று சரணாலயமே உண்டு. கண்டல் காடுகளும் உப்போடைகளும் அவைகளின் வீடு. 2010-ஆம் ஆண்டு ஹேவ்லாக் தீவில் கடலில் இருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலையால் உயிரிழந்தார். ஆகையால் கடற்கரையில் நிற்கும் எச்சரிக்கைப் பலகை அலங்காரமல்ல. குளிக்க அனுமதியுண்டா என்று அங்கே பணியில் இருப்பவரைக் கேளுங்கள். அனுமதியிருந்தால், வலையிட்டுக் குறிக்கப்பட்ட பகுதிக்குள் மாத்திரம், அதுவும் பகல் வெளிச்சத்தில் மாத்திரம் இறங்குங்கள். இல்லை என்றால் மணலில் வீடு கட்டி விளையாடினால் போதும். ஓடை கடலில் சேரும் இடத்துக்குப் பிள்ளைகள் போகவே கூடாது. மீன் கழிவையும் மீதிச் சாப்பாட்டையும் தண்ணீரில் எறியாதிருங்கள். அது முதலையை அழைப்பதாகும்.

முதலை இல்லாத கரையிலும் ஆபத்து உண்டு. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. சத்தமின்றி, சில நிமிடங்களுக்குள் அது நடந்துவிடும். ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். அரைமணி நேரம் நான் காவல், அடுத்த அரைமணி நேரம் அவர் காவல். காவலில் இருப்பவர் கைபேசியைத் தொடுவதில்லை, சமையலைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். "இப்பொழுது நீங்கள்" என்று வாய் திறந்து சொல்லி ஒப்படைக்கிறோம். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து இருவருமே பாராதிருந்த அந்தத் திங்கட்கிழமை எங்களுக்குக் கற்பித்த ஒழுங்கு இது. சபையாகச் சுற்றுலா செல்லும்போது இது இன்னும் அவசியம். நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதால் ஒருவரும் பார்க்காமல் போவதுண்டு. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் எழுதிப் பிரித்துவிடுங்கள். படகில் பிள்ளைக்கு அதன் அளவுக்கேற்ற உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாவது, பிள்ளைகளின் சட்டைப்பையைப் பாருங்கள். சிப்பியும் பவளத்துண்டும் பொறுக்குவதில் அவர்களுக்குள்ள ஆசை சொல்லி முடியாது. பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுகின்றன. செத்த துண்டாயினும் எடுத்துச் செல்லக்கூடாது. அதட்டுவதைவிட, "பார்த்துவிட்டு அதன் வீட்டில் வைத்துவிடுவோம்" என்று சொல்லுங்கள். வீடு திரும்பியபின் அதைப் படமாய் வரையச் சொல்லுங்கள். எங்கள் சமையலறைக் கதவில் அப்படி வரைந்த மீன்கள் பதினொன்று ஒட்டியிருக்கின்றன.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். வண்டூர்க் கரையில் பட்டுப்போன பெரிய மரங்களைக் காண்பீர்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பத்தில் தென் அந்தமானின் இந்தப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. கடல் முன்பு எட்டாத இடங்களுக்கும் இப்பொழுது ஏற்றத்தின்போது தண்ணீர் வருகிறது. ஆகையால் பாயை விரிக்குமுன் அன்றைய ஏற்றவற்ற நேரத்தை அங்குள்ள மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தண்ணீர் இன்னும் மேலேறும்.

கடைசியாக ஒன்று. இத்தனை ஒழுங்குகள் இருந்தும் ஏதாவது ஒன்று தவறிப்போகும். மழை வரும், படகு நிரம்பிவிடும், சின்னவள் உடையை நனைத்துக்கொள்ளுவாள். அந்த வேளையில் யாருடைய தவறு என்கிற பேச்சை வீட்டுக்குத் திரும்பிய பின்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன். கடற்கரையில் அதற்கு நேரமில்லை. அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பயப்படாமல் போய்வாருங்கள். முதல் முறை கடற்கரை மாத்திரம். மகனும் நீங்களும் மணலில் வீடு கட்டுங்கள். இரண்டு வயதுக் குழந்தை மதியம் தூங்கிவிடும்; அதற்கு ஒரு போர்வையும் நிழலும் போதும். மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள். ஜாலி பாய் அடுத்த ஆண்டும் இருக்கும். போய்வந்தபின் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த மாதம், ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோரோடு கப்பலில் பயணம் செய்வதைக் குறித்துப் பார்ப்போம்.