அணைந்த விளக்கு சொன்ன பாடம்

பளிங்குக் கல் துண்டுகளைக் குடுவையில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நுரை பொங்கும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க, ஜாடியை நிமிர்த்தி வைத்தாலே போதும். காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான வாயு அது. அடியில் தங்கி, காற்றை மேலே தள்ளிவிடும். எரியும் குச்சியை உள்ளே விட்டால் பட்டென்று அணையும். பள்ளிக்கூடத்தில் செய்து, மதிப்பெண் வாங்கி, பலரும் மறந்துபோன சோதனை!

இதே வாயு ஒரே இரவில் பல கிராமங்களை அழித்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், பழைய எரிமலை வாயில் உருவானது நியோஸ் ஏரி. ஆழம் 200 மீட்டருக்கு மேல். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். மேலோட்டில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். பூமி பிறந்தபோது தங்கிய வெப்பமும், யுரேனியம், தோரியம் போன்றவற்றின் கதிரியக்கச் சிதைவும்தான் காரணம். எரிமலைப் பகுதிகளில் பாறைக்குழம்பிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கசிந்து மேலே வரும். நியோஸில் அது அடித்தண்ணீரில் கரைந்து, மேலே உள்ள தண்ணீரின் அழுத்தத்தால், மூடிய சோடா பாட்டிலில் இருப்பதுபோல அடங்கிக் கிடந்தது.

1986 ஆகஸ்ட் 21, இரவு. ஏதோ ஒன்று அடித்தண்ணீரைக் கிளப்பிவிட, ஏரி பொங்கியது. கனமான வாயு சரிவில் வழிந்து பள்ளத்தாக்குகளை நிரப்பியது. 1,700க்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஆயிரக்கணக்கான கால்நடைகளும் மடிந்தன. வீடுகளில் எண்ணெய் இருந்தும் விளக்குகள் அணைந்து கிடந்தன. ஜாடிக்குள் குச்சி அணைந்ததும் இப்படித்தான்!

இரண்டு வருடம் முன்பே, 1984ல், அதே நாட்டின் மோனூன் ஏரியில் 37 பேர் பலியாகியிருந்தார்கள். அதன் காரணம் ஊருக்குப் புரிவதற்குள் நியோஸ் பொங்கிவிட்டது.

2001ல் நியோஸின் ஆழத்துக்கு ஒரு நீளக் குழாயை இறக்கினார்கள். முதலில் பம்ப் வைத்துத் தண்ணீரை இழுத்தார்கள். மேலே வர வர அழுத்தம் குறைந்து, வாயு குமிழிகளாகப் பிரிந்தது. அந்தக் குமிழிகளே தண்ணீரைத் தூக்கி வந்ததால், பம்பை நிறுத்திய பிறகும் நீரூற்று நிற்கவில்லை. வாயுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. 2011ல் மேலும் இரண்டு குழாய்கள் வந்தன.

அந்த இரவில் மேட்டில் இருந்தவர்கள் பலர் பிழைத்தார்கள். ஜாடியை ஏன் நிமிர்த்தி வைக்கிறார்கள் என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், இந்தக் கதையைச் சொல்லலாம். பாடம் மறக்காது.