சாசேஜில் உப்பைக் குறைச்சா குடியா முழுகிடும்?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே"ங்கறது சாசேஜ், சலாமி விஷயத்துல நெசமாவே நடக்கும் மக்கா. அதுல உப்பு ருசிக்கு மட்டுமில்லை. இறைச்சியில் இருக்கிற மயோசின்ங்கிற புரதத்தைக் கரைச்சு வெளியே இழுக்கறதே உப்புதான். அந்தப் புரதம்தான் பசை மாதிரி தண்ணியையும் கொழுப்பையும் பிடிச்சு வைக்குது. கிருமி சீக்கிரம் பெருகாம தடுக்கறதும் உப்பே. ஆக, "குறைச்சா தரம் போயிடும்"னு கம்பெனிக்காரங்க சொல்றது பாதி நிஜம்.

மீதிப் பாதி வெறும் சாக்குங்கறது என் கட்சி. பிரிட்டனில் 2006-ல் ஹாம், பேக்கன், சாசேஜ் உட்பட பல உணவுகளுக்கு உப்பு இலக்கு வெச்சாங்க. சட்டமெல்லாம் போடலை. கொஞ்சங்கொஞ்சமா குறைச்சாங்க. 2001 வாக்கில் ஆளுக்கு நாளைக்கு 9.5 கிராமா இருந்த உப்பு 2011-ல் 8.1 ஆச்சு. மெதுவா குறைச்சா நாக்கு பழகிடும், அதான் சூட்சுமம்.

உப்பில் ஒரு பங்குக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு போடலாம். அளவு மீறினா கசக்கும். சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்களுக்கு ஆபத்தும்கூட. அதனால பாக்கெட்டில் பளிச்சுன்னு சொல்லியே ஆகணும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவங்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள்ளதான் உப்பு. குழந்தைங்களுக்கு இன்னும் கம்மி. பாக்கெட்டில் போட்டிருக்கிற சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்க. 800 மில்லிகிராம்னா 2 கிராம் உப்பு! டிபன் பாக்ஸில் வைக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க.

கம்பெனிக்கார அண்ணாச்சிகளே, ஒரேயடியா வேணாம். வருஷத்துக்குக் கொஞ்சம் குறைங்க. நாங்க கண்டுபிடிக்கவே மாட்டோம் :-)