யென் மலிவு... குடும்பப் பயணமும் மலிவா?

"டிசம்பர் லீவுக்கு ஜப்பான் போலாம்ப்பா. யென் இப்போ ரொம்ப சீப்!"

பல வீடுகளில் இந்தப் பேச்சைத் தொடங்குவது பிள்ளைகள்தான். விமானச் சீட்டு, ஹோட்டல், ரயில் என எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவுசெய்வதும் அவர்களே. பணம் மட்டும் பெரும்பாலும் அப்பா அம்மாவின் சேமிப்பிலிருந்து போகும். எனவே "சீப்" என்று சொல்வதற்குமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

யென் எவ்வளவு மலிந்தது?

2019இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 80 யென் கிடைத்தது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் அது 115ஐத் தாண்டியது. அதாவது 1,000 வெள்ளியை மாற்றினால் 35,000 யென் கூடுதல்.

அப்போ எல்லாமே மலிவுதானே?

இல்லை. நாணய மதிப்பு இறங்கும்போது விலை அப்படியே நிற்பதில்லை. சுற்றுப்பயணிகள் வாங்கும் ஜேஆர் ரயில் பாஸ் நல்ல எடுத்துக்காட்டு. பெரியவர்களுக்கான 7 நாள் சாதாரண பாஸின் விலை 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபர் 1இல் அது 50,000 யென்னாக உயர்ந்தது.

பழைய விலையை 80 யென் கணக்கில் பார்த்தால் சுமார் 371 வெள்ளி. புதிய விலை 115 யென் கணக்கில் சுமார் 435 வெள்ளி. யென் மலிந்த பிறகும் ஆளுக்கு 64 வெள்ளி கூடுதல்! நான்கு பெரியவர்கள் என்றால் 256 வெள்ளி.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்ப மட்டும் திட்டமா? அதிவேக ரயிலில் தனித்தனியாகச் சீட்டு வாங்கினாலே ஒருவருக்குச் சுமார் 28,000 யென்தான். பாஸ் தேவையே இல்லை.

இணையத்தில் பார்த்த பட்ஜெட் நமக்குப் பொருந்துமா?

"ஒரு நாள் சாப்பாட்டுக்கு இவ்வளவு போதும்" என்று காணொளி போடுபவர் பெரும்பாலும் தனியாகப் போகும் இளையர். மலிவு விலைக் கடையில் மாட்டிறைச்சிச் சோறும் ஊடோன் நூடல்ஸும் சாப்பிட்டுச் சமாளிப்பார். நம் வீட்டில் பாட்டி சைவம், அப்பா மாட்டிறைச்சி தொடமாட்டார் என்றால் அந்தக் கணக்கு உதவாது. ஊடோன் சூப்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். இந்திய உணவகம் தேடிப் போகணும், செலவும் கூடும். சமையலறை உள்ள அறை ஓர் இரவுக்குக் கொஞ்சம் அதிகமானாலும், மொத்தத்தில் மிச்சமாகலாம்.

கார்டில் கட்டும்போது எதை அழுத்தணும்?

கார்டை வைத்ததும் சில கடைகளில் இயந்திரம் கேட்கும்: யென்னா, சிங்கப்பூர் வெள்ளியா? தெரிந்த நாணயமாச்சே என்று ஒருமுறை நானும் வெள்ளியை அழுத்திவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்த மாற்று விகிதத்தை முடிவுசெய்தது நம் வங்கி இல்லை; கடைப் பக்கத்துச் சேவை நிறுவனம். அதில் அவர்களின் லாபமும் சேர்ந்திருக்கும். போதாததற்கு, வெளிநாட்டில் வெள்ளியில் கட்டினாலும் இங்குள்ள பல வங்கிகள் சுமார் 1 விழுக்காடு கட்டணம் வாங்குகின்றன.

எனவே எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். சாதாரண கடன்பற்று அட்டைக்கு அப்போதும் சுமார் 3 விழுக்காடு கட்டணம் உண்டு. 5,000 வெள்ளி செலவழித்தால் அதுவே 150 வெள்ளி. யூடிரிப், வைஸ், ரெவல்யூட் போன்ற பல நாணய அட்டைகளில் பொதுவாக இந்தக் கட்டணம் குறைவு. ஆனால் ரொக்கம் எடுப்பதற்கு வரம்பு உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள்.

வீட்டில் எப்படிப் பேசலாம்?

மொத்தத் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஏற்கெனவே கட்டியது, அன்றாடச் செலவு, அவசரத்துக்கு. அன்றாடச் செலவை மட்டும் யென்னிலேயே முடிவுசெய்து எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

இது ஏன் முக்கியம்? மெனுவில் 1,800 யென் என்று பார்த்ததும் அம்மா மனத்துக்குள் வெள்ளிக்கு மாற்றுவார். "எனக்குப் பசிக்கலப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பார். "இன்னிக்குச் சாப்பாட்டுக்கு 16,000 யென் ஒதுக்கியாச்சு, இதுவரை 7,000தான் போயிருக்கு" என்று காட்டினால் அவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

திரும்பும்போது?

ஷாப்பிங் கணக்கையும் மறக்காதீர்கள். 48 மணிநேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆளுக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள், சேவை வரி இல்லை. அதைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு 9 விழுக்காடு வரி கட்டவேண்டும். வேலை அனுமதியில் இங்கிருப்போருக்கு இந்தச் சலுகை கிடையாது.

யென் மலிவாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் பயணம் மலிவா இல்லையா என்பதைச் சொல்வது நாணய விகிதம் இல்லை. எத்தனை பேர், என்ன சாப்பிடுவார்கள், எங்கே போவார்கள் என்ற கணக்குதான். சீட்டைப் பதிவுசெய்வதற்குமுன் அந்தக் கணக்கை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போடுங்கள்.