குசினிச் சுவரும் கேட்கப்படாத கேள்வியும்

பத்திரிகைக் காரியாலயத்தில் பக்கம் அமைப்பவர் முதலில் ஒரு வெற்றுத் தாளில் கோடு போட்டுப் பார்ப்பார். தலைப்பு எங்கே, படம் எங்கே, செய்தி எந்தப் பத்தியில் முடிகின்றது என்பன தீர்மானமான பின்னரே பக்கம் அச்சுக்குப் போகும். வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தொழிலில் கழித்த நான், சொந்த வீட்டின் குசினிச் சுவருக்கு ரைல்ஸ் பதித்தபோது அந்தப் பாடத்தை அடியோடு மறந்துவிட்டேன்.

2012ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலுள்ள எமது பழைய வீட்டைத் திருத்தினோம். கனடாவில் வாழும் மகன் பணம் அனுப்பினான். கூடவே ஒரு படமும் அனுப்பினான். ஓரங்குலச் சதுரங்களாலான வெண்ணிற மொசாயிக் அது. படத்தில் கண்ணைப் பறித்தது, நானும் சம்மதித்தேன். சில மாதங்களுக்குள் அடுப்புக்குப் பின்னாலிருந்த வெள்ளைக் கோடுகள் யாவும் மஞ்சள் நிறமாகிவிட்டன. பழைய பல் துலக்கியால் அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் திரும்பிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, இந்தச் சுவரைத் துடைக்கிறது நான்தானே. என்னட்டை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. பணம் அனுப்புபவர் தெரிவு செய்கின்றார், வீட்டுக்காரர் தலையாட்டுகின்றார், மேசன் பதிக்கின்றார். அச்சுவரின் முன்னால் நாள்தோறும் மணிக்கணக்கில் நிற்பவருக்கு இதில் பங்கில்லை. எம்மவர் வீடுகள் பலவற்றின் நிலைமை இதுவே.

மொசாயிக்கில் என்ன பிழை என்பதைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். ஓரங்குலத் துண்டுகள் பதித்த சுவரின் ஒரு சதுர அடியில், துண்டுகளுக்கு இடையில் சாந்து நிரப்பிய கோடுகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 24 அடி. 12 அங்குலத்துக்கு 24 அங்குல ரைல்ஸ் பதித்தால் அதே பரப்பில் அது 1½ அடி மாத்திரமே. மினுக்கம் பூசிய ரைல்ஸ் கறையை உறிஞ்சாது. சீமெந்து சேர்ந்த சாந்து உறிஞ்சும். மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கத் தாளிதம் செய்யும் எமது சமையலுக்கு, கோடுகள் குறைந்த சுவரும் சாம்பல் நிறச் சாந்துமே பொருந்தும். படத்திலிருந்த அந்தக் குசினியில் அவ்வாறான சமையல் நடந்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

கடந்த ஆண்டு அச்சுவரை உடைத்து மீண்டும் பதித்தோம். இம்முறை மனைவியே தெரிவு செய்தார். கடையின் விளக்கொளியில் அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. இரண்டு மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, காலையிலும் இரவிலும் பார்த்தார். மஞ்சள் கலந்த எண்ணெயைத் தடவி ஓரிரவு விட்டு மறுநாள் துடைத்தார். சொரசொரப்பான மாதிரியில் கறை தங்கியது, வழுவழுப்பானது சுத்தமாகியது. அத்துடன் விவாதம் முடிந்தது.

எனது பங்குக்கு நான் தாளையும் அடிமட்டத்தையும் எடுத்தேன். மேடைக்கு மேலுள்ள சுவரின் நீளம் 98 அங்குலம். மேடைக்கும் மேல் அலுமாரிக்கும் இடைப்பட்ட உயரம் 18 அங்குலம். மேசன் ஒரு மூலையிலிருந்து தொடங்க ஆயத்தமானார். அவ்வாறு தொடங்கினால் நான்கு முழு ரைல்ஸ் 96 அங்குலத்தை மூடும். எஞ்சும் 2 அங்குலத்துக்கு மறு மூலையில் ஒரு கீலம் வைக்க வேண்டும். வெட்டுவதற்கும் கடினம், பார்வைக்கும் அவலட்சணம். மாறாக, நடு ரைல்ஸின் மையம் சுவரின் மையத்தில் அமைந்தால் மூன்று முழு ரைல்ஸும் இரு புறங்களிலும் 13 அங்குலத் துண்டுகளும் வரும். உயரத்திலும் இதே கவனம் தேவை. மேடையோடு முழு ரைல்ஸ் வைத்து, அரைவாசியாக வெட்டிய 6 அங்குல வரிசையை மேலே அலுமாரியின் நிழலில் வைக்க வேண்டும்.

முதலாவது முறைக்கு 7 ரைல்ஸ் போதும்; இரண்டாவதற்கு 8 தேவை. ஒரேயொரு ரைல்ஸை மிச்சம் பிடிப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு ஒரு கோணல் கீலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? வரைபடத்தைக் கண்ட மேசன், எல்லாவற்றையும் முதலில் தரையில் அடுக்கிப் பார்ப்போம் என்று தாமாகவே கூறினார். நல்ல தொழிலாளிக்கு வேண்டியது விரட்டல் அன்று, தெளிவான தீர்மானமே என்பதை அன்று உணர்ந்தேன். பிளக் துவாரம் ஒரு ரைல்ஸின் விளிம்பில் விழவிருந்ததும் அவ்வாறு அடுக்கியபோதுதான் தெரியவந்தது. பூச்சு முடிவதற்கு முன்னரே அதனைச் சற்று நகர்த்தினோம்.

இன்னுமொரு விடயம். பெட்டிகளில் உள்ள தொகுதி இலக்கமும் நிறச்சாயல் குறியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெயர் கொண்ட ரைல்ஸ் என்றாலும் வேறு தொகுதியாயின் நிறம் சற்று மாறும். பத்து வீதம் மேலதிகமாக வாங்கி, மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். 2020இல் கொண்டுவரப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் ரைல்ஸும் அகப்பட்டபோது, இரண்டு மூன்று துண்டுகளுக்காகக் கடைகடையாக அலைந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள வீட்டைத் திருத்தப் பணம் அனுப்புங்கள்; நன்றி. ஆனால் குசினிக்கான படத்தை அனுப்புவதற்கு முன்னர் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பை எடுங்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு, எந்த இடத்தில் எண்ணெய் அதிகம் தெறிக்கின்றது, கை எட்டித் துடைக்கக்கூடிய உயரம் எது என்பன அவருக்கு மாத்திரமே தெரிந்த விடயங்கள். 2012இல் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. அதற்கு நாம் செலுத்திய விலை உடைத்த மொசாயிக்கின் பணம் மட்டுமன்று. என் மனைவி பல் துலக்கியோடு அச்சுவரின் முன்னால் நின்ற அத்தனை பிற்பகல்களும்தான்.