ஒட்டாத காசு என்று யார் சொன்னது?

"உழைக்காம வந்த காசு ஒட்டாதுங்க. லாட்டரி விழுந்தவங்கள்ல நூத்துக்கு எழுபது பேரு அஞ்சே வருசத்துல நடுத்தெருவுக்கு வந்துட்டாங்க. அமெரிக்காவுலயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் பல வருடங்களாக மேடை மேடையாகச் சொல்லிவரும் வசனம் இது. கடைசியாக நான் இதைக் கேட்டது, பின்னலாடை நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களுக்காக நடத்திய கூட்டத்தில். பேசியவர் எழுபது சதவீதத்தோடு நிற்கவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்ற பழமொழியையும் எடுத்துவிட்டார். "லாட்டரி விழுந்தா என்ன பண்ணலாம்னு கனவு காண்ற நேரத்துல ரெண்டு பீஸ் கூடத் தைக்கலாமே" என்று முடித்தார். முன்வரிசையில் இருந்த மேலாளர்கள் சிரித்தார்கள். பின்னால் இருந்த டெய்லர்களும் செக்கிங் பெண்களும் கைதட்டினார்கள். அவர்கள் தலையில் கை வைத்துத்தான் அந்தப் பேச்சு முழுவதும் நடந்தது. இதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த எழுபது சதவீதம். 'நேஷனல் எண்டோமென்ட் ஃபார் ஃபைனான்சியல் எஜுகேஷன்' என்ற அமெரிக்க நிதிக்கல்வி அமைப்பின் பெயரைப் போட்டுத்தான் இது உலகம் முழுக்கச் சுற்றியது. இது எங்கள் ஆய்வில் வந்ததல்ல, இதை எங்களால் உறுதிசெய்யவும் முடியாது என்று அந்த அமைப்பே 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. ஆராய்ச்சி செய்ததாகச் சொல்லப்பட்டவர்களே கைகழுவிய எண்ணை இவர்கள் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். ஃப்ளோரிடாவில் சில்லறைப் பரிசு வாங்கியவர்களையும் ஒன்றரை லட்சம் டாலர் வரை வாங்கியவர்களையும் ஒப்பிட்டு, பெரிய பரிசு திவாலைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அது கோடீஸ்வரர் ஆனவர்களைப் பற்றியதல்ல. அதிலும் எழுபது சதவீதம் கிடையாது.

எண் இல்லாதவர்கள் கதை சொல்வார்கள். எல்லோரும் சொல்லும் கதை ஜாக் விட்டேக்கருடையது. மேற்கு வர்ஜீனியாக்காரர். 2002 கிறிஸ்துமஸ் அன்று பவர்பால் சீட்டில் 31 கோடி டாலருக்கு மேல் விழுந்தது. பிறகு திருட்டு, வழக்கு, பேத்தியின் மரணம் என்று அடிமேல் அடி. ஏழைக்குப் பணம் வந்தால் இதுதான் கதி என்பதற்கு அவரை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் விட்டேக்கர் ஏழை இல்லை. சீட்டு வாங்கும்போதே கட்டுமானத் தொழில் நடத்திய கோடீஸ்வரர். வியாபாரம் தெரிந்தவர், ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவர், உழைத்துப் பணம் பார்த்தவர். இந்தத் தகவலைச் சொன்னால் கதையின் நீதி தலைகீழாகிவிடும். அதனால் அதை மட்டும் மேடையில் சொல்வதில்லை.

பணம் வந்தாலும் மகிழ்ச்சி வராது என்பது அடுத்த வாதம். அதற்கு 1978இல் வெளிவந்த இல்லினாய் ஆய்வு ஆதாரமாம். அந்த ஆய்வில் பரிசு பெற்றவர்கள் 22 பேர். ஒரே ஒரு முறை விசாரித்தார்கள், அவ்வளவுதான். ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட், ஆஸ்ட்லிங், செசாரினி என்ற பொருளாதார அறிஞர்கள் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெரிய பரிசு விழுந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கொண்ட நிறைவு பத்து வருடங்கள் தாண்டியும் தேயவில்லை என்றது அது.

சரி, பக்கத்துக்கே வருவோம். கேரளத்தின் ஓணம் பம்பர் முதல் பரிசு 2022இல் 25 கோடியாக உயர்ந்தது. அந்த வருடம் அது திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. சில நாள்களிலேயே, ஏன்தான் விழுந்ததோ என்று அவர் வருந்திப் பேசினார். அந்தப் பேட்டியைக் காட்டி, பார்த்தாயா, காசு ஒட்டவில்லை என்கிறார்கள். அவர் பணத்தை இழந்துவிட்டுப் புலம்பவில்லை. பரிசுப் பணம் அப்போது அவர் கைக்கே வந்திருக்கவில்லை. விடிந்தால் வீட்டு வாசலில் கடன் கேட்டும் உதவி கேட்டும் ஊரே நின்றது, குழந்தையோடு வீட்டில் இருக்க முடியவில்லை. அதற்காகத்தான் வருந்தினார். குற்றவாளி அவர் இல்லை, வாசலில் நின்ற கூட்டமும் அவர் முகத்தை விடாமல் காட்டிய தொலைக்காட்சிகளும்தான்.

இனி அந்த அடிப்படை நம்பிக்கைக்கு வருகிறேன். உழைக்காமல் வந்த காசு ஒட்டாது என்பது பொது விதியாக இருந்தால் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். அப்பாவின் மில் மகனுக்கு வருகிறதே, அதை அவன் உழைத்தா வாங்கினான்? தாத்தா வாங்கிப்போட்ட தரிசு நிலத்தில் நாலுவழிச் சாலை வந்து, சென்ட் விலை ஏக்கர் விலையைத் தாண்டுகிறதே, அது யாருடைய வியர்வை? பங்குச் சந்தை ஏறியதால் வந்த பணம்? இவர்களிடம் போய் எந்தப் பேச்சாளரும் உங்கள் காசு ஒட்டாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களிடம் பேசும்போது 'சொத்தைப் பெருக்குவது எப்படி' என்று தலைப்பு மாறிவிடுகிறது. லாட்டரி விற்றவர்களின் காசும் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. 2024இல் தேர்தல் ஆணையம் வெளியிட்ட தேர்தல் பத்திரப் பட்டியலில் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி முதலிடத்தில் இருந்தது ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். சீட்டை விற்றவரிடம் ஒட்டுகிற காசு வாங்கியவரிடம் மட்டும் ஒட்டாதா? இந்த விதி கூலிக்காரனுக்காக மட்டும் எழுதப்பட்டது. உனக்கு இருக்கிறதே அதிகம், மேலே கேட்காதே என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

மொத்தமாகப் பணம் வந்தால் இவர்களுக்குத் தலைகால் புரியாது என்பவர்கள் ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பார்க்கட்டும். மொய் விருந்து நடக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு குடும்பத்துக்கு முறை வரும். கறிச்சோறு போட்டு முடிக்கிற அந்த ஒரே நாளில், விவசாயக் குடும்பத்தின் கைக்கு லட்சக்கணக்கில் பணம் வந்து சேரும். பெரிய விருந்தென்றால் கோடியைத் தொட்டதும் உண்டு. பணம் எண்ணும் இயந்திரம் வைத்து எண்ணுகிறார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் ஏறுகிறது. அந்தப் பணத்தில் போர் போடுகிறார்கள், பழைய கடனை அடைக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். அடுத்த ஐந்து வருடமும் நோட்டைப் பார்த்துப் பார்த்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. 2018இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது இந்த ஓட்டம் தடுமாறியது உண்மை. அதைத் தடுமாற வைத்தது காற்று, ஊதாரித்தனமல்ல. ஏலச்சீட்டும் அப்படியே. முதல் மாதமே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டுகிறார். திடீர்ப் பணத்தைக் கையாளத் தெரியாதவர்களால் இதையெல்லாம் செய்திருக்க முடியுமா?

கடைசியாக, அந்தப் பேச்சாளர் கேலி செய்த கனவு. எனக்கு அதிகம் வலித்தது இதில்தான். கேரள எல்லையில் வாளையாற்றில் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பக்கம் தடை என்பதால் கோவை, திருப்பூர் ஆட்கள் அங்கே போய் வாங்குகிறார்கள். 2023இல் ஓணம் பம்பர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்குத்தான் விழுந்தது. வாளையாற்றிலிருந்து கோவை உக்கடம் வரும் பேருந்தில் ஒருமுறை என் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் விசைத்தறி ஓட்டுபவர், இன்னொருவர் வயதில் இளையவர். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"இருவத்தஞ்சு கோடின்னா இருவத்தஞ்சும் வராதுங்ணா. ஏஜெண்டுக்கு நூத்துக்குப் பத்து போயிரும். அப்பறம் டேக்ஸ் முப்பது. அதுக்கு மேல சர்சார்ஜு, செஸ்ஸு. கைக்குப் பன்னெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேல."

"அதே போதும் கண்ணு. மொதல்ல அம்மிணியோட நகையத் திருப்போணும். குழுக் கடனு, அப்பறம் தறிக்கு வாங்குனது. தங்கச்சிக்கு ஒரு வூடு. மிச்சத்துல பத்துக் கோடிய பேங்குல போட்டுரோணும். வருசம் அறுவது லட்சமாச்சும் வட்டி வரும். அதுல பாதியத் தின்னுட்டுப் பாதிய அசல்ல சேத்துப்போடோணும்."

"மச்சானுக்குச் சொல்லலாமுங்களா?"

"ஒரு வருசம் பொண்டாட்டி புள்ளையத் தவிர யாருக்கும் மூச்சு விடக் கூடாது."

2022ஆம் வருட விதிப்படி நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 கோடியில் ஏஜெண்டு கமிஷன் இரண்டரைக் கோடி. மீதி இருபத்திரண்டரையில் முப்பது சதவீத வரி ஆறே முக்கால் கோடி. அந்த வரியின் மேல் 37 சதவீதம் கூடுதல் வரி, அதற்கும் மேல் 4 சதவீத செஸ். எல்லாம் போக ஏறக்குறைய 12 கோடியே 88 லட்சம். அந்த இளைஞர் சொன்னது சரி. மற்றவர் சொன்னதும் சரி. அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க வேண்டும், அசலைத் தொடக் கூடாது, விலைவாசி ஏறுவதற்கு ஈடாக வட்டியில் ஒரு பங்கை அசலில் சேர்க்க வேண்டும், விஷயத்தை வெளியே விடக் கூடாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிதி ஆலோசகர் இதைவிட என்ன சொல்லிவிடுவார்? கப்பல் காரும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை. அடகில் கிடக்கும் நகைதான் முதலில் வந்தது. மாதக் கடைசியில் கையில் இருக்கும் ஐந்நூறு ரூபாயை வைத்து இந்தக் கணக்கையெல்லாம் போட முடியாது. போட்டால் அழுகைதான் வரும். அதனால் கற்பனையாக ஒரு தொகையை வைத்துப் போடுகிறார்கள். யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒரு மனிதர் வரிசைப்படுத்திப் பார்ப்பதைச் சோம்பேறித்தனம் என்று மேடையில் பேசுகிறவருக்கு, அந்த வரிசையில் ஒன்றுகூடத் தன் வாழ்க்கையில் நின்றிருக்காது.

சீட்டு வாங்கு என்று நான் சொல்லவில்லை. 1968இல் அண்ணா அரசு 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பின்னால் தனியார் சீட்டுகளும் ஒற்றை நம்பரும் புகுந்து கூலியைக் குடித்தன. 2003இல் வந்த தடை நியாயமானது. சீட்டுக்குத்தான் தடை, கணக்குப் போடுவதற்கு அல்ல.

பெரிய பரிசு விழுந்தவர்களுக்குப் பணத்தைக் கையாள்வது பற்றித் திருவனந்தபுரம் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் மூலம் ஒரு நாள் வகுப்பு எடுக்கக் கேரள அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடக் கூடிய ஒன்றைத்தான் இங்கே பிறவிக் குறையாகப் பேசுகிறார்கள். தொழிலாளர்களைக் கூட்டி உட்காரவைக்க நிறுவனங்களுக்கு மனமிருந்தால் அந்த வகுப்பை இங்கும் எடுக்கலாம். அதற்கு லாட்டரி விழ வேண்டியதில்லை. தீபாவளி போனஸ் வருகிறது, வேலையை விடும்போது பி.எஃப். வருகிறது, கிராஜுவிட்டி வருகிறது. பவர் டேபிளில் பதினைந்து வருடம் குனிந்து உட்கார்ந்த பெண்ணுக்குத் தன் பி.எஃப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, நிறுவனம் தன் பங்கை மாதாமாதம் கட்டியதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கட்டும். பேச்சாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதி கூட அதற்கு ஆகாது.